இடது டிஸ்க் வலது சக்கரத்துக்குப் போனது பற்றி

அழைக்கப்படும் பெயர்: பிரேக் அக்கா. அடையாள அட்டையில் உள்ள பெயர் தனித்தாளில் குறித்துக்கொள்ளப்பட்டது. வயது: நாற்பத்தேழு. தொழில்: கார், வேன்களுக்கு பிரேக் வேலை. முகவரி: பழைய பேருந்துப் பணிமனைக்குப் பின்தெரு, கதவு எண் 14, கீழே பட்டறை, மேலே வீடு. காலை பத்து இருபதுக்கு விசாரணை அதிகாரி முன்னிலையில் சாட்சியாகச் சொல்லி, நிலைய எழுத்தர் எழுதியது.

நான் மேற்படி முகவரியில் பதினாறு ஆண்டுகளாகக் குடியிருந்து தொழில் செய்து வருகிறேன். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் பேருந்துப் பணிமனையில் பிரேக் பிரிவில் வேலை பார்த்தேன். அந்தப் பிரிவில் பெண் என்று நான் ஒருத்திதான் இருந்தேன். எனக்குத் திருமணம் ஆகவில்லை. என்னோடு என் தம்பி வசிக்கிறான். அவனுக்கு வயது முப்பத்தாறு. எங்கள் பெற்றோர் ஒரே ஆண்டில் அடுத்தடுத்து இறந்த பிறகு அவனை வளர்த்தது நான். அவன் இரண்டு ஆண்டுகளாக டைல்ஸ் கடை முதலாளியிடம் கார் ஓட்டுநராக இருக்கிறான். அந்த வேலைக்கு அவனைச் சொல்லி அனுப்பியதும் நான்தான். இந்த வழக்கில் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் காரை ஓட்டி, முதலாளியின் கடை விளம்பரத்துக்குப் படம் எடுப்பவரின் தொடை எலும்பு முறியக் காரணமாக இருந்ததாக அவன்மேல் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். எனக்குக் கோபம் அதிகம், அது எங்கள் தெருவுக்கே தெரியும். இதை எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். மற்றவர்கள் சொல்லி எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

சம்பவம் நடந்த நாளுக்கு ஐம்பத்திரண்டு நாட்களுக்கு முன், ஒரு புதன்கிழமை காலையில், முதலாளி தன் காரோடு என் பட்டறைக்கு வந்தார். காரை என் தம்பி ஓட்டி வந்தான். அது நான்கு கதவும் எட்டு சிலிண்டரும் உள்ள கார். நின்ற இடத்திலிருந்து நான்கு நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். பார்க்கத்தான் பந்தயக் கார், எடையில் பாதி லாரி. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் கைக்குள் உதறுகிறது என்று முதலாளி சொன்னார். நான் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். முன்பக்க டிஸ்க்குகள், அதாவது சக்கரத்தோடு சுற்றும், பிரேக் கட்டைகள் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டுகள், இரண்டும் சூட்டில் நெளிந்து போயிருந்தன. அவற்றைச் செதுக்கிச் சரி செய்ய முடியாது, கனமான காருக்கு ஏற்ற நல்ல டிஸ்க்காகப் பார்த்து மாற்ற வேண்டும் என்று சொன்னேன்.

அதன் பிறகு காரை இரண்டு தெரு தள்ளி உள்ள பழைய இரும்புக் கடையின் எடை மேடைக்குக் கொண்டுபோனேன். எந்தக் காருக்கும் டிஸ்க் சொல்லும் முன் எடை போட்டுப் பார்ப்பது என் வழக்கம். புத்தகத்தில் போட்டிருப்பது காரைச் செய்தவர்கள் கனவில் கண்ட எடை. அதில் ஆள் இருக்க மாட்டார், பின்பெட்டியில் நான்கு அட்டைப்பெட்டி டைல்ஸ் மாதிரிகளும் இருக்காது. முதலாளியும் என் தம்பியும் உள்ளே உட்கார்ந்திருக்க, மேடை இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து கிலோ காட்டியது. புதுக் காரைக் காயலான் கடைக்கே கொண்டு வந்துவிட்டீர்களே என்று முதலாளி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பிய பிறகு முதலாளி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். டிஸ்க் முழுக்க வரிசை வரிசையாக ஓட்டை போட்டது. அலாய் வீலுக்கு நடுவே பளபளவென்று தெரியும், அதுதான் வேண்டும் என்றார். நான் முடியாது என்றேன். ஓட்டை போட்ட டிஸ்க் எடை குறைந்த வண்டிக்கு ஓடும். இந்த எடைக்கு, மலைச்சாலை இறக்கத்தில், ஒவ்வொரு ஓட்டையும் ஒரு விரிசலுக்கு ஆரம்பம். என் சுவரில் அப்படி விரிசல் விட்ட டிஸ்க் ஒன்று தொங்குகிறது, மூன்று ஓட்டைகளை ஒரே விரிசல் இணைத்திருக்கும். அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு நடுவில் ஒரு கடிகாரம் வைத்தால் கடை வரவேற்பறையில் எடுப்பாக இருக்கும் என்றார். அவர் எப்படிப்பட்டவர் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதன் பிறகு வெறும் மொட்டை டிஸ்க் ஒன்றைக் காட்டினேன். லாரிக்குப் போடுவது போல் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். பந்தயத்துக்குப் போடும் பீங்கான் கலந்த டிஸ்க் போடலாமா என்று அவரே கேட்டார். அது குளிர்ந்திருக்கும்போது முதல் மிதியில் அவ்வளவாகப் பிடிக்காது, ஒரு கல் தெறித்தால் ஓரம் பெயரும், கடைக்கும் வீட்டுக்கும் ஓடும் காருக்கு அது வீண் என்று சொன்னேன். கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது, நானூறு மில்லிமீட்டர் விட்டமும் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள டிஸ்க். சுற்றி இரும்பு வளையம், நடுவில் அலுமினியக் கிண்ணம், இரண்டையும் போல்ட்டால் இணைத்தது. முகத்தில் ஓட்டை கிடையாது, சாய்வாக ஆறு கோடுகள் மட்டும் வெட்டியிருக்கும். கோடு இருப்பதால் கொஞ்சம் அழகாகவும் இருக்கும் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

இங்கே வழக்குக்கு முக்கியமான விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரேக் பிடிப்பது என்றால் வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது, வேறொன்றும் இல்லை. சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு வேண்டும். வாங்கிய சூட்டை வெளியே தள்ளக் காற்று வேண்டும். இந்த டிஸ்க்கின் இரண்டு முகங்களுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் வளைந்த தடுப்புகள் இருக்கின்றன. சக்கரம் சுற்றும்போது அவை நடுவிலிருந்து காற்றை இழுத்து வெளியே வீசும், மின்விசிறி மாதிரி. வளைவு எந்தப் பக்கம் என்பதால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனியாக வார்த்திருப்பார்கள். மாற்றி மாட்டினால் காற்று வெளியே வராது, சூடு உள்ளேயே நிற்கும். ஆனால் வெளியில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு உள்தடுப்பு தெரியாது, முகத்தில் உள்ள கோடுகள்தான் தெரியும். சரியாக மாட்டினால் அந்தக் கோடுகள் வண்டி போகும் பக்கத்துக்கு எதிராகச் சாய்ந்தது போல இருக்கும். தவறாக மாட்டினால்தான் பார்க்க ஓட்டமாக, அழகாக இருக்கும். விவரம் தெரிந்தவர் குனிந்து ஓரத்தில் பார்ப்பார். தெரியாதவர் நின்றபடி சிரிப்பார்.

இதை நான் டிஸ்க்கைக் கையில் வைத்து என் தம்பிக்கு விளக்கினேன். அவனும் ஓரத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். முதலாளிக்கு விளக்கவில்லை. ஏன் என்று அதிகாரி கேட்டார். முதலாளி அப்போது கைப்பேசியில் யாரிடமோ டைல்ஸ் சந்துக்குப் பூசும் சாந்தின் நிறம் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். அதோடு, அதற்குச் சற்று முன்பு அவருடைய காலணியில் கிரீஸ் பட்டுவிட்டது. என் பட்டறையில், என் கண் முன்னால், பேச்சை நிறுத்தாமல் ஒரு விரலைக் கீழே காட்டினார். என் தம்பி குனிந்து துடைத்தான். அவன் உச்சந்தலையில் முடி குறைந்திருப்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். அந்த மனிதரை உட்கார வைத்துப் பாடம் எடுக்க அதன் பிறகு எனக்கு மனம் வரவில்லை. ரசீதில் மட்டும் "இடது வலது மாற்றக்கூடாது" என்று எழுதி இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன். அந்த ரசீதின் நகலை இன்று ஒப்படைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு நாட்கள் கழித்து டிஸ்க் வந்து சேர்ந்தது. அன்றே நான் மாட்டினேன். இடது டிஸ்க்கின் அலுமினியக் கிண்ணத்தில் மின்பேனாவால் இ என்றும், வலதில் வ என்றும் செதுக்கினேன். போல்ட்டுகளை இறுக்கிய பிறகு ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் பெயின்ட்டால் கோடு இழுத்தேன். பிறகு யாராவது கழற்றினால் அந்தக் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும், பணிமனையில் கற்ற பழக்கம். புது பிரேக் ஆயில் ஊற்றினேன். அதன் பிறகு நானும் தம்பியும் காரை ஊருக்கு வெளியே கொண்டுபோய், சிறிது சிறிதாகச் சூடேற்றி, பத்து முறை வேகம் குறைத்துப் பழக்கி, மலைச்சாலை இறக்கத்திலும் ஓட்டிப் பார்த்தோம். கயிறு கட்டிப் பிடித்து நிறுத்தியது போல் நிற்கிறது என்று தம்பி சொன்னான். காரை முதலாளியிடம் ஒப்படைத்தோம்.

அதற்குப் பதினெட்டு நாட்கள் கழித்து, வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, முதலாளி எனக்கு போன் செய்தார். நான் அப்போது பள்ளி வேன் ஒன்றின் அடியில் படுத்திருந்தேன். காரைப் படம் எடுத்து கார் பிரியர்கள் குழுவில் போட்டிருக்கிறார், அதைப் பார்த்த ஒருவர் டிஸ்க் திசைமாறி மாட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார், பின்னாலேயே எல்லோரும் கேலி செய்திருக்கிறார்கள். முதலாளி சொன்னது இது.

"ஏம்மா, ரெண்டு பக்கமும் மாத்தி மாட்டி வெச்சிருக்கீங்க. நாலு பேர் சிரிக்கிறாங்க. இத்தனை வருஷம் என்னதான் வேலை பாத்தீங்க?"

நான் சொன்னது இது.

"உங்க கண்ணுக்கு எது அழகோ அப்படியே மாட்டிக்கோங்க சார். எனக்கு வேற வேலை இருக்கு."

சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். இந்த உரையாடலை முதலாளி தன் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறார். இன்று அதிகாரி அதைப் போட்டுக் காட்டினார். அதில் இருப்பது என் குரல்தான். மெக்கானிக்கே அனுமதி கொடுத்தார் என்று முதலாளி சொல்லியிருப்பதாகவும் அதிகாரி தெரிவித்தார். அது அனுமதி இல்லை. கோபத்தில் ஒருவர் போய்த் தொலை என்று சொன்னால், அவர் வழிச்செலவுக்கு ஏற்பாடு செய்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இருபத்தேழு ஆண்டுகள் பிரேக் வேலை பார்த்த ஒருத்தியின் பேச்சைவிட, முகம் தெரியாத ஒருவர் நின்றபடி எழுதிய கேலி அவருக்குப் பெரிதாகப் போயிற்று.

மறுநாள் முதலாளி காரை அலாய் வீல் கடைக்குக் கொண்டுபோய், டிஸ்க்குகளை இடம் வலம் மாற்றி மாட்டச் செய்திருக்கிறார். கஸ்டமர் கேட்டார், செய்து கொடுத்தேன் என்று வீல் கடைக்காரர் வாக்குமூலம் கொடுத்திருப்பதாக அறிகிறேன். கிண்ணத்தில் நான் செதுக்கிய எழுத்து அவர் கண்ணில் படாமல் இருக்க வழியே இல்லை. அவருக்கு எழுத்துப் படிக்கத் தெரியும், கடை வாசலில் தன் பெயரை நான்கு அடி உயரத்தில் எழுதி வைத்திருக்கிறார். இந்த மாற்றம் பற்றி எனக்கு அப்போது எதுவும் தெரியாது. சம்பவத்துக்குப் பிறகு காரைப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

சம்பவ நாளில் நான் அந்த இடத்தில் இல்லை. படம் எடுப்பவரின் கேமராவில் இருந்த காட்சியை இன்று அதிகாரி மூன்று முறை போட்டுக் காட்டினார். அதில் ஒலி இல்லை. முதலாளி தன் கடை விளம்பரத்துக்காக மலைச்சாலையில் அந்தக் காரைப் படம் எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார். கார் மேலிருந்து வேகமாக இறங்கி வளைவில் கேமராவுக்கு முன்னால் சட்டென்று வேகம் குறைந்து திரும்ப வேண்டும். என் தம்பி ஓட்டினான். முதலாளி சாலை ஓரத்தில் குடைக்குக் கீழே நின்றார். ஒரே இறக்கத்தில் ஏழு முறை ஓட்ட வைத்திருக்கிறார். நடுவில் ஆற விடவில்லை. ஐந்தாவது முறை முடிந்ததும் என் தம்பி இறங்கி, முன்சக்கரத்தைக் கையால் காட்டி ஏதோ சொல்கிறான். சக்கரத்திலிருந்து லேசாகப் புகை வருகிறது. முதலாளி வானத்தைப் பார்க்கிறார், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், கையை மேலே வீசுகிறார். என் தம்பி கொஞ்ச நேரம் நிற்கிறான். பிறகு ஏறி உட்காருகிறான். அப்போது அவன் தண்ணீர் கேட்டான் என்று முதலாளி சொல்லியிருக்கிறாராம். தாகம் எடுத்தவன் சக்கரத்தைக் காட்டித் தண்ணீர் கேட்பானா என்று இந்த வழக்கில் யாரும் அவரைக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாவது முறை கார் வளைவில் வேகம் குறையவில்லை. வளைவுக்குக் கீழே பேருந்து நிறுத்தம் இருக்கிறது. அதில் ஒன்பது பேர் நின்றது காட்சியில் தெரிகிறது, நான் எண்ணினேன். கார் நேராக அவர்களை நோக்கித்தான் இறங்குகிறது. கடைசி நேரத்தில் என் தம்பி ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் ஒடித்துக் கற்சுவரில் மோதுகிறான். சுவரை ஒட்டி நின்ற படம் எடுப்பவர் காரின் பின்பக்கம் இடித்து விழுகிறார். அதோடு காட்சி சாய்ந்துவிடுகிறது. படம் எடுப்பவருக்கு நேர்ந்ததற்காக நான் வருந்துகிறேன். நிறுத்தத்தில் நின்ற ஒன்பது பேரில் ஒருவர்கூட இந்த வழக்கில் சாட்சியாக அழைக்கப்படவில்லை.

சம்பவத்துக்கு ஆறு நாட்கள் கழித்து, நிலைய வளாகத்தில் நிறுத்தியிருந்த காரை அதிகாரி முன்னிலையில் நான் பார்வையிட்டேன். வலது சக்கரத்தில் இருந்த டிஸ்க்கில் இ என்று இருந்தது. இடதில் வ என்று இருந்தது. மஞ்சள் கோடுகள் எல்லாப் போல்ட்டிலும் உடைந்திருந்தன. டிஸ்க்குகள் சூட்டில் நீலமும் கறுப்புமாக மாறியிருந்தன. பிரேக் ஆயில் கொதித்துக் கறுத்துப் போயிருந்தது. ஆயில் கொதித்தால் அதில் ஆவி கலக்கும், பிறகு மிதிப்பதெல்லாம் வெறும் காற்றை மிதிப்பதுதான். பிரேக் பெடல் தரையோடு தரையாகப் படுத்து வளைந்திருந்தது. அதற்கும் தரைக்கும் நடுவில் என் தம்பியின் வலது காலணியின் அடிப்பாகம் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அஜாக்கிரதையாக ஓட்டுகிறவன் எலும்பு நொறுங்கும் வரைக்கும் பிரேக்கை மிதித்துக்கொண்டு இருக்க மாட்டான். கார் மோதிய வேகத்திலும் பெடல் வளைந்திருக்கலாம் என்று அதிகாரி சொன்னார். இருக்கலாம். பெடலிலிருந்து காலை எடுத்திருந்தால் காலணி அங்கே இருந்திருக்காது என்று நான் சொன்னேன். அதை அவர் எழுதச் சொன்னார்.

முதலாளி இதுவரை ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை வந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார். மாற்றி மாட்டச் சொன்னவர் அவர், ஆற விடாமல் ஏழு முறை ஓட்டச் சொன்னவர் அவர், குடைக்குக் கீழே நின்றவர் அவர். காலை இழந்தவன் குற்றவாளியாம், இவர் புகார்தாரராம். எனக்குத் தெரிந்தது இவ்வளவே. மேற்கண்டவை அனைத்தும்

(இந்த இடத்தில் வாக்குமூலம் நிறுத்தப்பட்டது. காரணம் பின்வருமாறு.)

எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டி முடித்த பிறகு, இவ்வளவு ஆதாரம் இருந்தும் என் தம்பிமேல் ஏன் வழக்கு என்று அதிகாரியிடம் சத்தம் போட்டேன். மேசையில் கையால் அடித்தேன். அதிகாரி அதற்குக் கோபப்படவில்லை. ஒரு கோப்பைத் திறந்து, முந்தின நாள் ஆஸ்பத்திரியில் என் தம்பி கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார். அவன் அப்படி ஒன்று கொடுத்தது எனக்கு அதுவரை தெரியாது. அதில் அவன் சொல்லியிருப்பது: பிரேக் நன்றாகத்தான் வேலை செய்தது. நான்தான் வேகமாக வந்து தாமதமாக மிதித்தேன். டிஸ்க் மாற்றியது எனக்குத் தெரியாது. என் அக்காவுக்கும் இதில் எதுவும் தெரியாது.

அதிகாரி என்னிடம் சொன்னது இது.

"ஓட்டினவரே பிரேக் நல்லா இருந்துச்சுன்னு சொல்லும்போது நாங்க என்னம்மா பண்ண முடியும்? பிரேக் கெட்டுப்போச்சுன்னா கேஸ் உங்க பக்கம் திரும்பும்னு அவருக்குப் பயம். அது எங்களுக்குப் புரியுது. ஆனா பேப்பர்ல இருக்கறதுதான் கேஸ்."

நான் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். அதன் பிறகு, முன்பு சொன்னதில் இரண்டு வரிகளை அடிக்க வேண்டும் என்றும், சில விஷயங்களைச் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னேன். சேர்த்தால் அது எனக்கே பாதகமாக முடியலாம், வேண்டுமானால் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு நாளை வரலாம் என்று அதிகாரி இரண்டு முறை எடுத்துச் சொன்னார். இப்போதே எழுதுங்கள் என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

"இந்த மாற்றம் பற்றி எனக்கு அப்போது எதுவும் தெரியாது" என்ற வரியையும் அதற்கு அடுத்த வரியையும் அடித்துவிடவும். அவை பொய். டிஸ்க் மாற்றிய அன்று, பகல் மூன்று பத்துக்கு, என் தம்பி அலாய் வீல் கடையிலிருந்து எனக்கு ஒரு படம் அனுப்பினான். வலது சக்கரத்தில் இ என்ற எழுத்து தெரியும்படி எடுத்த படம். கூடவே குரலில் ஒரு செய்தியும் அனுப்பினான். அந்தக் கைப்பேசியை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதை அதிகாரி போட்டுக் கேட்டார். அதில் என் தம்பி பேசுவது இது.

"அக்கா, ரெண்டும் மாத்திட்டாங்க. மாத்தக் கூடாதுன்னு நான் சொன்னேன். உங்க அக்காவே மாட்டிக்கச் சொல்லிட்டாங்கன்னு நீ பேசினதைப் போட்டுக் காட்டறாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. நீ ஒரு தடவை போன் பண்ணிச் சொன்னா திருப்பி மாட்டிடுவாங்க. பண்றியா?"

அதன் பின்னணியில் முதலாளியின் சிரிப்பும், வீல் கடைக்காரர் போல்ட் இறுக்கும் சத்தமும் கேட்கின்றன. ஆக, டிஸ்க் மாறியது என் தம்பிக்குத் தெரியும், முதலாளியிடமும் கடைக்காரரிடமும் அங்கேயே தடுத்துச் சொல்லியிருக்கிறான், என்னிடமும் சொல்லியிருக்கிறான். ஒரு ஓட்டுநர் செய்ய வேண்டியதை எல்லாம் அவன் செய்துவிட்டான்.

அந்தச் செய்தியை நான் அப்போதே கேட்டேன். பட்டறையில் வேலை ஏதும் ஓடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். முதலாளிக்கு போன் செய்ய ஒரு நிமிடம் போதும். ஓரத்தில் குனிந்து பாருங்கள், உள்ளே தடுப்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவருக்கே புரிந்திருக்கும், அவர் முட்டாள் இல்லை. என் பேச்சைப் போட்டுக் காட்டி நாலு பேர் முன்னால் சிரித்தார்கள் என்றதும் எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. அந்த ஆளுக்கு நான் போன் செய்வதா என்று இருந்தது. பகல் மூன்று பதினைந்துக்கு என் தம்பிக்கு எழுத்தில் பதில் அனுப்பினேன். அது கைப்பேசியில் அப்படியே இருக்கிறது. நான் எழுதியது: "விடு. அவரே பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்."

அவர் படவில்லை. அவர் அந்தக் காரை ஓட்டுவதில்லை. ஓட்டுகிறவன் என் தம்பி என்பது எனக்குத் தெரியும், இரண்டு ஆண்டுகளாகத் தினமும் காலையில் அவனை நான்தான் அனுப்புகிறேன். ஆனாலும் அதை எழுதிய நேரத்தில் அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால் முதலாளியின் முகம்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. மலைச்சாலையில் பிரேக் இளகி அவர் வெலவெலத்துப் போவதாக நினைத்து, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்த வரியை விட்டுவிடலாம் என்று எழுத்தர் சொன்னார். விடக்கூடாது என்றேன்.

அன்று மாலை தம்பி வீட்டுக்கு வந்து, என்ன அக்கா செய்வது என்று ஒரு முறை கேட்டான். உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சம்பவ நாள் வரை இருபத்தோரு நாட்கள், மாற்றி மாட்டிய டிஸ்க்கோடு அந்தக் காரை ஓட்டியிருக்கிறான். தினமும் காலையில் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டான்.

என் தம்பியின் கைப்பேசியில் இப்படி ஒரு உரையாடலே இல்லை என்று அதிகாரி சொல்கிறார். விபத்தில் அந்தப் போன் உடையவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் அவனுக்கு நினைவு திரும்பியது. அன்று முதலில் அவன் போனைத்தான் கேட்டான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எதையோ தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தான். முதலாளிக்குத் தகவல் அனுப்புகிறான் என்று நினைத்து, இப்போதும் அந்த ஆளுக்குச் சேவகம் செய்ய வேண்டுமா என்று அங்கேயும் திட்டினேன். அவன் எங்கள் உரையாடலை அழித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

முதலாளி செய்தது குற்றம், வீல் கடைக்காரர் செய்தது குற்றம், அவற்றில் ஒரு எழுத்தையும் நான் திரும்பப் பெறவில்லை. தெரிந்தும் தடுக்காதது என் குற்றம். அதற்கு என்ன பிரிவு உண்டோ அதை என்மேல் போட்டுக்கொள்ளலாம். என் தம்பிமேல் போட்டதை எடுத்துவிட வேண்டும். பிரேக் நன்றாக இருந்தது என்று அவன் சொன்னது பொய். தாமதமாக மிதித்தேன் என்றது பொய். டிஸ்க் மாற்றியது தெரியாது என்றது பொய். அக்காவுக்கு எதுவும் தெரியாது என்றதும் பொய். அக்காவுக்குத் தெரியும்.

முதலில் சொன்னதும் பிறகு சேர்த்ததும் நான் சுயநினைவோடு சொன்னபடியே எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டாம் முறையும் படித்துக் காட்டக் கேட்டேன். அடித்த இரண்டு வரிகளின் ஓரத்திலும் நானே கையெழுத்து வைத்தேன். இப்போது இதில் இருப்பது எல்லாம் உண்மை.

(கையெழுத்து)
பிரேக் அக்கா
பகல் ஒன்று நாற்பது